துடக்கு வீட்டுத் துவக்கு

கிளைட்டில் இருக்கும் என் இருபத்திரண்டு ஏக்கர் தோட்டத்தைப் பற்றி நோபல் பார்க்கில் எந்தத் தமிழனைக் கேட்டாலும் சொல்லுவான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன், எண்பத்தாறாம் ஆண்டு ஒரு தோல்பையோடு மெல்பேர்னில் இறங்கி, ஹோட்டலில் சட்டி கழுவி, பிறகு ஒரு இத்தாலியனுடைய தோட்டத்தில் குனிந்து குனிந்து லீக்ஸ் பிடுங்கி, கடைசியில் அந்தக் கிழவனிடமிருந்தே தோட்டத்தை வாங்கினான் என்றால் அது சும்மா நடந்த காரியம் இல்லை. படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தாலும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். நகரசபை எனக்கு ஒரு பட்டயம் தந்தது. வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. அந்தத் தோட்டத்தைப் பன்னிரண்டு வருசம் தோளில் சுமந்த தவத்தைப் பற்றி. அவனைப் பற்றி எங்கள் சனத்துக்குள் இரண்டு கதைகள் உலாவுகின்றன. தவத்துக்கு விசர் பிடித்து மனுசியைச் சுடப் போனான், பொலிஸ் வந்து பிடித்தது என்பது ஒன்று. அது முழுப்பொய். மற்றக் கதையை நான்தான் பரப்பினேன். அதுவும் சரியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளதை எழுதச் சொன்னவன் தவம்தான்.

தவத்துக்கு ஊர் வன்னியில் நெடுங்கேணி. தொண்ணூற்றேழில் என்னிடம் வேலைக்கு வந்தான். வந்த முதல் நாளே ரக்டரின் சத்தத்தைக் கேட்டு, "அண்ணை, இதுக்கு நாளைக்கு வருத்தம் வரும்" என்றான். அடுத்த நாள் ரக்டர் நின்றுவிட்டது. அன்றைக்கே எனக்கு ஆள் பிடித்துப்போனது. மனிதனை எடைபோட எனக்கு இரண்டு நிமிடம் போதும். இரண்டு வருசத்தில் அவனைத் தோட்டத்துக்கு மேற்பார்வையாளன் ஆக்கினேன். தோட்டத்துக்குள் இருந்த இத்தாலியனின் பழைய வீட்டில் அவனும் மனைவி திரேசாவும் குடியிருந்தார்கள். திரேசா மன்னார்ப் பக்கம். வேதக்காரப் பெண். பிள்ளைகள் இல்லை. திரேசா பொதி கட்டும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சண்டை பிடித்து நான் கேட்டதில்லை. தவம் உரத்துக் கதைக்கிறவனே இல்லை.

துவக்கு வந்தது முயலால். முட்டைக்கோவாக் கன்று வைத்து மூன்றாம் நாள் வரிசை வரிசையாகக் கடித்துவிட்டுப் போய்விடும். வேலி போட்டோம், மருந்து வைத்தோம், சரிவரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன், சுடுவதைத் தவிர வழியில்லை என்றான். இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க வகுப்புக்குப் போக வேண்டும், ஆங்கிலத்தில் சோதனை எழுத வேண்டும், பொலிஸ் பொறுத்திருந்து விசாரித்துத்தான் லைசென்ஸ் தரும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை. தவம் போனான். படித்துப் பாஸ் பண்ணினான். சுவரோடு ஆணி அறைந்த இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். துவக்கு அதற்குள், ரவை வேறு தகரப் பெட்டியில், இரண்டுக்கும் தனித்தனித் திறப்பு. இரண்டும் தவத்தின் கையில். சட்டத்தில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே வைத்திருந்தான்.

சுடுவதில் அவனுக்குப் பெரிய சந்தோசமும் இல்லை. ஒருநாள் செத்த முயலைக் காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "பாவம் அண்ணை. இதுகளையும் ஆரோ கப்பல்ல கொண்டந்து இறக்கிப்போட்டு, இப்ப கூடிப்போச்சு எண்டு சுடச் சொல்லுறாங்கள்" என்றான்.

"அப்ப உனக்கும் எனக்கும் எப்ப வரப்போகுதோ?" என்றேன்.

"நாங்கள் கோவா தின்னுறதில்லைதானே. நடுறனாங்கள். அதால விட்டு வைச்சிருக்கிறாங்கள்."

அப்படிச் சிரிக்க வைக்கிறவன்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதத்திலிருந்து அவன் கையில் ரெலிபோன் ஒட்டிப்போனது. தாயும், தம்பி சிறியும், சிறியின் மனைவியும், இரண்டு பிள்ளைகளும் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சித்திரையில் ஒருக்கால் தம்பி கதைத்தான். தாய்க்குக் காலில் காயம், பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை என்றான். லைன் அறுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் சொன்னார்கள். நாங்களும் நகரத்துக்குப் போய் நடுவீதியில் இருந்து கத்தினோம். தவம் ஒருநாள் மட்டும் வந்தான்.  தாயின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆனி மாதக் கடைசியில் முகாமிலிருந்து ஒருவர் யாருடையதோ ரெலிபோனில் பேசினார். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவராம். சிறியின் குழிக்குமேல் செல் விழுந்தது, ஐந்து பேரும் போய்விட்டார்கள், தோண்டி எடுக்க அவகாசம் இருக்கவில்லை என்றார். என்ன திகதி என்று தவம் கேட்டான். பத்தாம் திகதியாக இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம், அங்கே அப்போது நாள் கணக்கு ஒருவரிடமும் இல்லை என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார்.

நான்தான் தவத்தை ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இப்படியான காரியத்துக்கு என்னைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாள் தெரியாவிட்டால் அமாவாசையை வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்து சாவுத் துடக்கைக் கழிக்கலாம், சாத்திரத்தில் இடமிருக்கிறது என்றார் ஐயர். தவம் தலையாட்டினான். காருக்குள் ஏறியதும் சொன்னான்: "நான் செய்ய மாட்டன் அண்ணை."

"ஏனடா?"

"நாள் குறிச்சா, செத்தது நிச்சயமாயிடும்."

"செய்யாட்டித் துடக்குக் கழியாது தவம்."

"கழிய வேண்டாம்."

அதற்குப் பிறகு அவன் வேலையைச் செய்தான், ஆனால் ஆள் அங்கே இல்லை. ஒரு காலமை நான் தோட்டத்துக்குப் போனபோது வெள்ளையாய்ப் பனி கொட்டியிருந்தது. பின்விறாந்தையில் கதிரை போட்டு இருந்தான். மடியில் துவக்கு. எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முன்னால் கோவா வரிசையில் ஐந்தாறு முயல் இருந்து ஆறுதலாகத் தின்கின்றன. இவன் பார்த்துக்கொண்டே துடைக்கிறான். "டேய், முயலடா" என்று கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

அன்று மத்தியானம் திரேசா கொட்டகையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தாள். ஏப்ரனைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, இவர் நித்திரை கொள்ளுறேல்லை. துவக்கைத் துடைக்கிறார். பெட்டிக்குள்ள வைக்கிறார். திரும்ப எடுக்கிறார். இதோட நாலு நாள்."

"உன்னை ஏதும் வெருட்டினவனோ?"

"சீ, என்னை ஒண்டும் சொல்லேல்லை. நேற்று மட்டும், 'நான் இல்லாட்டி உனக்கு லேசு திரேசா' எண்டார். அந்தக் கதை எனக்குப் பயமாக் கிடக்கு. பொலிசுக்குச் சொன்னா கொஞ்ச நாளைக்கு வந்து எடுத்து வைச்சிருப்பினமாம். சேர்ச்சில ஒரு அன்ரி சொன்னவ. சொல்லட்டோ?"

எனக்குக் கோபம் வந்தது. "என்ன விசர்க்கதை கதைக்கிறாய் பிள்ளை? பொலிஸ் கார் வந்து வாசலில நிண்டா, இந்தச் சனம் என்ன கதைக்கும்? அவன் ஆமிச் சப்பாத்துக் காலடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவன். அவன்ர வீட்டுக்குள்ள நீ பொலிஸ் உடுப்புப் போட்ட ஆக்களை விடப்போறியோ? நான் இருக்கிறன்தானே. நாளைக்கு அந்தத் துவக்கு உன்ர வீட்டில இராது."

"அண்ணை, அவருக்குக் கோபம் வராமல்..."

"இந்த யோகேஸ்வரன் கேட்டு ஆர் இல்லையெண்டு சொன்னவன்?"

அதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மை அது. இந்தப் பகுதியில் புருசன் பெண்சாதிப் பிரச்சினை, காணிப் பிரச்சினை, கோயில் பிரச்சினை என்று எத்தனையை நான் ஒரு கோப்பித் தண்ணியோடு முடித்து வைத்திருக்கிறேன். பொலிசும் கோட்டும் செய்யாததை என் ஒரு சொல் செய்திருக்கிறது.

அடுத்த நாள் தவத்திடம் போனேன். போகும்போதே என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். "உன்ர கையில துவக்கு இருக்கப் பயமாய்க் கிடக்கு" என்று ஒரு ஆம்பிளையிடம் சொல்ல முடியாது. அவன் முகத்தில் அடித்த மாதிரி. அதனால் இப்படிச் சொன்னேன்:

"தவம், நீ துடக்குக்காரன். துடக்கு வீட்டில உயிர்க்கொலை ஆகாது. கொல்லுற ஆயுதமும் இருக்கக்கூடாது. துடக்குக் கழியுமட்டும் நான் கொண்டுபோய் வைச்சிருக்கிறன்."

ஆயுதம் இருக்கக்கூடாது என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. நான் கட்டியது. ஆனால் பாதி உண்மையோடு கலந்து சொன்னால் யாரும் தட்ட மாட்டார்கள்.

தவம் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "கழியுமட்டுமோ அண்ணை?" என்றான்.

"ஓம்."

எழும்பிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். துவக்கை இரண்டு கையாலும் ஏந்தித் தந்தான். ரவைத் தகரத்தையும் எடுத்துத் தந்தான். மறுபேச்சு இல்லை. அப்படி லேசாகத் தந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். என் சொல்லுக்கு மரியாதை என்று நினைத்தேன்.

துவக்கையும் தகரத்தையும் வெங்காயச் சாக்கில் சுற்றி, தோட்டத்துக் குளிரறையின் கடைசி மூலையில், பழைய கரட் கூடைகளுக்குப் பின்னால் வைத்தேன். என் வீட்டுக்குக் கொண்டுபோக மனைவி விடமாட்டாள். குளிரறைக்குக் கனத்த பூட்டு. அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை.

அன்று பின்னேரம் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். என் மகள் நிரஞ்சினி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் யூனிவர்சிற்றியில் சட்டம் படிக்கிறாள். நான் படிக்க வைக்கிறேன்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? உங்களுக்கு லைசென்ஸ் இல்லை. இட்ஸ் அ கிரைம்."

"என்ன கிரைம்? நான் ஆரைச் சுட்டனான்?"

"வைச்சிருக்கிறதே கிரைம். ஒரு ஆளுக்கு இப்பிடி மனநிலை எண்டா பொலிஸ் லைசென்சை நிப்பாட்டி, கன்னை எடுத்து வைச்சிருக்கும். டெம்பரரியா. அதுக்குத்தானே சட்டம் இருக்கு. டொக்டரும் பாப்பினம். ஹீ நீட்ஸ் ஹெல்ப், அப்பா."

"உன்ர சட்டம் வந்து சேர முதல் உன்ர அப்பா வேலையை முடிச்சுப்போட்டான்."

அவள் எழும்பிப் போய்விட்டாள். நான் இன்னொருக்கால் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமைக்கு மேல் போனது. தவம் முன்னையைவிடக் கொஞ்சம் தெளிந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. வேலைக்கு நேரத்துக்கு வந்தான். குளிரறையை அவன் கூட்டிக் கழுவி வைத்திருந்தான். நான் திரேசாவிடம், "பாத்தியோ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நித்திரைக் குளிசை வாங்க என்று சொல்லி அவனை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த டொக்டர் பெண் எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டிருக்கிறா. கடைசியில், வீட்டில் துவக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறா. திரேசா வாயைத் திறக்க முதல் தவம் சொன்னானாம்: "ஓம். பெட்டிக்குள்ள பூட்டி இருக்கு." திரேசா என் பெயர் வந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். அந்த டொக்டர் செய்ய வேண்டியதைச் செய்தா, பொலிசுக்கு அறிவித்தா.

செவ்வாய்க்கிழமை, நான் டண்டினோங் சந்தையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். திரேசா ரெலிபோன் எடுத்தாள். பின்னால் வெள்ளைக்காரக் குரல்கள் கேட்டன.

"அண்ணை, பொலிஸ் வந்திருக்கு. லைசென்சைத் தற்காலிகமா நிப்பாட்டியிருக்காம், கடுதாசி தந்தவை. நல்ல மாதிரித்தான் கதைச்சவை. பெட்டியைத் திறந்து பாத்தா வெறுமை. இப்ப எங்க எண்டு கேக்கினம். இவர் வாயே திறக்கிறாரில்லை. நான் சொல்லட்டோ அண்ணை?"

"பொறு," என்றேன். "ஒண்டும் சொல்லாத. நான் வாறன்."

அரை மணித்தியால ஓட்டம். நான் இரண்டு மணித்தியாலம் எடுத்தேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பாதிவழியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் லொறியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பட்டயம் நினைவுக்கு வந்தது. கோயில் நிர்வாகசபை நினைவுக்கு வந்தது. நிரஞ்சினியின் முகம் நினைவுக்கு வந்தது. இருபத்துமூன்று வருசம் கட்டிய பெயர் ஒரு வெங்காயச் சாக்குக்குள் கிடக்கிறது என்று நினைத்தேன். அங்கே இருந்து கேள்விக்கு முகம் கொடுக்கிறவனை நினைத்தது கடைசியாகத்தான்.

நான் போனபோது தவத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். துவக்கை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான், அவனையும் தனியே விட முடியாது, மற்றவர்களுக்கும் ஆபத்து என்று சொன்னார்களாம். நாளைக்குத் தோட்டம் முழுக்கத் தேட வருவார்களாம். திரேசா குசினிக்குள் நிலத்தில் இருந்தாள்.

"நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

குளிரறைக்குப் போனேன். சாக்கு நான் வைத்த மூலையில் இல்லை. இரண்டு கூடை முன்னுக்கு, கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தது. அவசரத்தில் அதை நான் யோசிக்கவில்லை. தூக்கி லொறிக்குள் போட்டுக்கொண்டு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சாக்கை லொறியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. கவுண்டரில் ஒரு இளம் பொலிஸ்காரி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ ஹாவ் த கன்" என்றேன்.

அவளுடைய கை இடுப்புக்குப் போனது. இரண்டு கையையும் மேசைமேல் வை என்றாள். வைத்தேன். 

ரெலிபோனில் மொழிபெயர்க்க ஒரு பெடியன் வந்தான். இந்தியத் தமிழ்.

"சார், துப்பாக்கியை ஏன் கூலிங் ரூம்ல வச்சீங்கன்னு கேக்கறாங்க."

"அது துடக்கு வீடு தம்பி. துடக்குக் கழியுமட்டும் வைச்சிருந்தனான்."

"துடக்குன்னா தீட்டுதானே சார்?"

"ஓம், செத்த வீட்டுத் தீட்டு."

 "சார், இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கறேன்," என்றான். பிறகு நீளமாக ஏதோ சொன்னான். எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். துடக்கு எப்போது முடியும் என்று கேட்டார். 

ஒரு கதவு திறந்து மூடியபோது உள்ளே தவம் இருந்தது தெரிந்தது. கதிரையில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, நிலத்தைப் பார்த்தபடி. துவக்குக் கிடைத்துவிட்டது என்று அவனுக்குச் சொன்னார்கள். அப்போது அவன் முகத்தை மூடிக்கொண்டான். எனக்காக அழுகிறான் என்று நினைத்தேன். அன்று பின்னேரமே டொக்டர்மார் பார்த்து அவனை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். ஆறு கிழமை இருந்தான்.

எனக்கு வழக்கு நடந்தது. ஒரு வருசம் ஒழுங்காய் இருக்க வேண்டும் என்று நீதவான் எழுதி வாங்கினார். நிரஞ்சினி பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

தவம் தோட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. பொயிண்ட் குக்கில் திரேசாவின் தமக்கை வீடு இருந்தது. பக்கத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நான் இரண்டு தரம் போனேன். அவன் கோப்பி தந்தான். கதைக்கவில்லை.

ஆனால் நான் கதைத்தேன். தவம் மனுசியைச் சுடப் போனவன் என்று சனம் கதைக்கத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் மடம், எங்கே நாலு பேர் கூடினாலும் எழும்பிச் சொன்னேன். "என்ன தெரியும் உங்களுக்கு? மூண்டு மணித்தியாலம் பொலிஸ் இருத்தி வைச்சுக் கேட்டும் அவன்ர வாயில இருந்து என்ர பேர் வரேல்லை. சோறு போட்ட கையைக் காட்டிக்குடுக்காதவன். வன்னியான் எண்டா அதுதான்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் சொல்லும் விதம் அப்படி.

இரண்டாயிரத்துப் பத்துக் கார்த்திகையில் திரேசா கூப்பிட்டாள். பொலிசிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒருதரம் நீட்டி, இன்னொருதரம் நீட்டி, இப்போது அந்தத் தடை முடிகிறது. டொக்டரின் கடிதத்தோடு விண்ணப்பித்தால் லைசென்சையும் துவக்கையும் திருப்பித் தருவது பற்றிப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அழித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குக் காரில் போனேன்.

திரேசா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் தவமும் மேசையில் இருந்தோம். கடிதம் நடுவில் கிடந்தது. நான் நேரே விசயத்துக்கு வந்தேன்.

"விண்ணப்பி தவம். நான் வந்து உனக்காகச் சொல்லுறன். இப்ப அங்கையும் என்னைத் தெரியும்." அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "பேந்து தோட்டத்துக்கு வந்திடு. நீ போன பிறகு முயல் பெருகிப்போச்சு. எனக்கு உன்னைப்போல ஒருத்தன் கிடைக்கேல்லை."

"எனக்குத் துவக்கு வேண்டாம் அண்ணை."

"ஏன், இன்னும் துடக்கோ?"

"துடக்குக் கதையை விடுங்கோ. நீங்கள் ஏன் எடுத்தனீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

நான் குசினிப் பக்கம் பார்த்தேன்.

"குளிரறையில வைச்சனீங்கள். அந்தத் திறப்பு என்னட்டையும் ஒண்டு இருந்ததண்ணை. ஒவ்வொரு காலமையும் ஆர் திறக்கிறது? நான்தானே."

உண்மைதான். பன்னிரண்டு வருசமாக அந்தக் கதவைத் திறந்து பூட்டியவன் அவன்தான். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நான் பூட்டினால் பூட்டினதுதான் என்று நினைத்திருக்கிறேன்.

"மூண்டாம் நாளே கண்டுட்டன்," என்றான் தவம். "ஒவ்வொரு நாளும் போய்ச் சாக்கில கை வைச்சுப்போட்டு வருவன். அந்தச் செவ்வாய்க்கிழமை திரேசா கொட்டகைக்குப் போன பிறகு, துவக்கை வெளியில எடுத்திட்டன். நீங்களும் சந்தைக்குப் போட்டீங்கள். அப்ப குளிரறை வாசலால பாத்தா, ரோட்டில பொலிஸ் கார் திரும்புது. திரும்பச் சாக்குக்குள்ள வைச்சிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்து விட்டன்."

குசினியில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப பொலிஸ் கேக்கேக்க நீ பேசாமல் இருந்தது?" என்றேன். "என்ர பேரை நீ சொல்லாமல் விட்டது?"

"உங்களுக்காக இல்லை அண்ணை. சொன்னா எடுத்துக்கொண்டு போயிடுவாங்கள். என்னை விட்டினம் எண்டா, வந்து எடுக்கலாம் எண்டு இருந்தனான்." கடிதத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னான். "நீங்கள் கொண்டந்து குடுத்திட்டீங்கள் எண்டு சொல்லேக்க எனக்கு உங்களில எவ்வளவு கோபம் வந்தது தெரியுமோ."

திரேசா கையைக்கூடக் கழுவாமல் வந்து வாசலில் நின்றாள். அவளுக்கும் அதுவரை தெரியாது.  சுவரோடு சாய்ந்து நின்றாள்.

பிறகு தவம் சொன்னான்: "ஒண்டு கேக்கட்டோ அண்ணை? அந்தக் கதையை இனிச் சொல்லாதேங்கோ. காட்டிக்குடுக்காதவன் எண்டு. போன மாசம் ஒரு கலியாண வீட்டில ஆரோ பெரியவர் எழும்பி வந்து எனக்குக் கை தந்தவர். நான் எழும்பி வெளியில போய்க் காருக்குள்ள இருந்தனான். எனக்கு அது ஏலாமல் கிடக்கு. சொல்லுறதெண்டா உள்ளதைச் சொல்லுங்கோ."

"சனம் என்ன கதைக்கும் தவம்?"

"இப்ப கதைக்கிறதைவிடவோ?"

துவக்கை அழிப்பதற்கான பத்திரத்தை இழுத்து எடுத்தான். பேனை கேட்டான். என் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனை இருக்கும், இந்தப் பகுதியில் பாதிப்பேருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இடத்தை விரலால் தேடிப் பிடித்துக் கையெழுத்து வைத்தான்.

நான் சாப்பிடாமல் எழும்பினேன். திரேசா இருங்கோ என்று சொல்லவில்லை.

அவள் அன்றைக்குப் பொலிசுக்குச் சொல்லட்டோ என்று என்னிடம் கேட்ட நாளிலிருந்து கார் வந்து நின்ற நாள் வரைக்கும் இருபத்தொரு நாள். அந்த இருபத்தொரு நாளும் தவம் உயிரோடு இருந்தது என்னுடைய கெட்டித்தனத்தால் இல்லை. யாரால் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவோ காரியத்தை நான் தனி ஆளாகச் செய்து முடித்தவன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். இந்தக் காரியத்தில் மட்டும் அந்தப் பெண்ணை நான் பேசவிட்டிருக்க வேண்டும்.

இது எழுதும்போது இரண்டாயிரத்துப் பதின்மூன்று. தவம் அதே ரொட்டித் தொழிற்சாலையில்தான் இருக்கிறான். குளிசை போடுகிறான். மாதம் ஒருக்கால் டொக்டரிடம் போகிறான். நல்லாய்விட்டான் என்று நான் எழுத மாட்டேன். வைகாசி வந்தால் இரண்டு கிழமை சோறு இறங்காது. அந்தியேட்டி இன்னும் செய்யவில்லை. காலமை பத்து மணிக்கு அவனுக்கு இடைவேளை. அந்த நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் திரேசா ரெலிபோன் எடுப்பாள். கதைக்க ஒன்றும் இருக்காது. அவன் "ஓம்" என்று சொல்லுவான். அவள் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போவாள்.